பதிமூன்று வாடகை

பத்து நாளைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று சொல்லிவிட்டேன். வாயால் அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், துடைத்தேன், மறுபடி மாட்டிக்கொண்டேன், "ஹூம்..." என்று ஒரு தடவை இழுத்தேன். முப்பது வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன் கணக்குப் புத்தகத்தின் முன்னால் அப்படி இழுத்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

இடம் — ஓசூர். பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஓட்டுக் கட்டடம். உள்ளே பன்னிரண்டு தையல் மெஷின், ஒரு நீளமான வெட்டு மேஜை, மூலையில் துணி மூட்டைகள். சடுகுடு டிராயர், கால்பந்து ஜெர்ஸி, டிரில் நிக்கர், பனியன்... விளையாடுகிறவன் உடம்பில் எதையெல்லாம் மாட்டுவானோ அதெல்லாம் அங்கே தயாராகிறது. வாசலில் போர்டு கூடக் கிடையாது. ஊரில் 'கம்பெனி' என்று சொன்னால் அதுதான். ஓசூரில் வேறு கம்பெனி ஏது?

முதலாளி நாராயணப்பா. வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், என்னோடு தமிழ். மெஷின் மக்கர் பண்ணினால் மூன்றும் சேர்ந்து வரும். ராகி விளைகிற காட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். ஒரு நாள் பையன்கள் கிழிந்த டிராயரோடு சடுகுடு ஆடுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு சொந்தக்காரர்களையும் பங்குக்குச் சேர்த்துக்கொண்டு இந்தத் தொழிலில் குதித்தவர்.

அவரிடமிருந்து கிருஷ்ணகிரிக்கு எனக்கு ஒரு கார்டு வந்தது. போட்ட முதலுக்கு நூற்றுக்கு எவ்வளவு லாபம் வருகிறது என்று, கடைசி ஐந்து வருஷத்துக்கும் வருஷவாரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ஏன் இந்த அவசரம்? கார்டின் கடைசி வரியில் இருந்தது — 'அமீர் மாஸ்டரை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறோம்.'

அமீர் மாஸ்டர் துணி வெட்டுகிற மாஸ்டர். பெங்களூர் தண்டு, அதாவது கன்டோன்மென்ட், பக்கத்து ஆள். போன மாதம்தான் மனைவி மக்களை ஓசூருக்கு அழைத்துவந்து வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறார். ஆக, நான் போடப்போகும் கணக்கு வெறும் கணக்கல்ல. ஒரு வீட்டு அடுப்பு அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

இங்கே, வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற வாசகர்களுக்கு ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்த வேண்டும். மறந்திருந்தால் எனக்கு நல்லது. மறந்திருக்க மாட்டீர்கள்... கடிதம் எழுதியே என் மானத்தை வாங்குகிறவர்கள் நீங்கள்!

மூன்று வருஷத்துக்கு முன் இதே கம்பெனிக்கு இதே மாதிரி போய்க் கணக்குப் பார்த்தேன். விஜய வருஷத்தில் முதலுக்கு நூற்றுக்கு இருபத்திரண்டு. அடுத்த ஜய வருஷத்தில் ஆறு! அதே மெஷின், அதே ஆட்கள், அதே முதல். லாபம் மட்டும் எங்கே போயிற்று? நான் மோப்பம் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிவந்தேன். மூலையில் வெட்டித் தள்ளிய துண்டுத் துணி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பிடித்துவிட்டேன் பார்! 'வெட்டில் சேதாரம் மிக அதிகம். மாஸ்டரை மாற்றுவது உசிதம்' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அப்போது மாஸ்டராக இருந்தவர் சின்னசாமி. நாகரசம்பட்டிக்காரர். அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து அமீர் வந்தார். அடுத்த மன்மத வருஷத்தில் லாபம் நூற்றுக்கு இருபத்துமூன்று! அமீருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். எனக்கு ஒரு கூடை மாம்பழம். நான் இந்தப் பத்தியிலேயே ஒரு வாரம் முழுக்க மார் தட்டிக்கொண்டேன். 'எண்கள் பொய் சொல்வதில்லை' என்று அதற்குத் தலைப்பு வேறு... இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று? துன்முகி வருஷத்தில் பதினாலு. இப்போது முடிந்த ஹேவிளம்பியில் ஐந்து. ஆமாம்... ஐந்து!

நான் போய் இறங்கியபோது ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள். பங்குதாரர் ஒருவர், போன வருஷம் வந்த நயா பைசாதான் காரணம் என்றார். அணா கணக்கில் இருந்தவரை லட்சுமி தங்கினாளாம், நயா பைசா வந்ததும் சில்லறையோடு சில்லறையாக வெளியே போய்விட்டாளாம். இன்னொருவர் கட்டடத்தின் வாசல் திசை சரியில்லை என்றார். நாராயணப்பா மட்டும் மேஜை ஓரமாக நின்று வெட்டிக்கொண்டிருந்த அமீரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"முன்ன மாஸ்டரை மாத்தினோம், லாபம் வந்துச்சு. இப்ப லாபம் போச்சு. அப்ப மறுபடியும் மாஸ்டரைத்தான மாத்தணும்? நீங்க சொல்லிக் குடுத்த வழிதான சார் இது?"

நான் சொல்லிக்கொடுத்த வழிதான்.

"ஒண்ணுதான் சார் எனக்குப் புரியல" என்றார் நாராயணப்பா. "இப்ப பொட்டியில பணம் நெறையத்தான் கீது. புஸ்தகத்தைப் பாத்தா மட்டும் ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது."

"பெட்டியை நம்பாதீர்கள், புத்தகத்தை நம்புங்கள்" என்று சொல்லிவிட்டு ஐந்து புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மை அந்தப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

புத்தகங்களை எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை சேஷய்யா. மடித்துக் கட்டின வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் பஞ்சாங்கம். ஒவ்வொரு யுகாதியன்றும் புதுப் புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து முதல் வரி எழுதுவார். அடுத்த யுகாதிக்கு முதல் நாள் சாயங்காலம் மூடிவிடுவார். அடித்தல் திருத்தல் கிடையாது. கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

விஜய வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டினேன். செலவுப் பக்கத்தில் கட்டட வாடகை. ஒன்று, இரண்டு, மூன்று... பதிமூன்று!

மறுபடி எண்ணினேன். பதிமூன்றுதான். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். வாடகை பதிமூன்று. ஒரு வாடகை யார் பாக்கெட்டுக்குள் போயிற்று? மன்மத வருஷத்தைப் புரட்டினேன். அங்கேயும் பதிமூன்று! அப்போதுதான் அந்த மூக்குக்கண்ணாடி நாடகமும், அந்த 'ஹூம்'மும்.

"சேஷய்யா, இந்தக் கட்டடத்துக்கு எத்தனை மாத வாடகை கொடுக்கிறீர்கள்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் 'ஹூம்' அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. ஆனாலும் பேனாவைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அமாவாசைக்கு அமாவாசை குடுக்கறோம் சார். அந்த வருஷம் அதிக மாசம் வந்துச்சு. பதிமூணு அமாவாசை, பதிமூணு வாடகை. இதுல என்னா சார் கீது?"

"வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம்தானே ஐயா?"

"அது உங்க வருஷத்துக்கு சார்."

நம்முடைய வருஷம் சித்திரைக்குச் சித்திரை. சூரியனைப் பார்த்து நடப்பது. என்றைக்கும் பன்னிரண்டு மாதம்தான். யுகாதிக்காரர்களின் வருஷம் சந்திரனைப் பார்த்து நடப்பது. அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து அதைச் சரிக்கட்டுவார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதிக மாதத்தில் கல்யாணம் வைக்கக் கூடாது என்பது வரைக்கும் தெரியும். அந்த மாதத்திலும் டிராயர் விற்கும் என்பது மட்டும் தோன்றவில்லை!

ஒரு மாதம் கூடினால் லாபம் கொஞ்சம் கூடும், சரி. ஆறு எங்கே, இருபத்திரண்டு எங்கே? அதற்கு ஒரு மாதம் போதாதே. இன்னும் ஏதோ இருக்கிறது. இந்தத் தடவை சுற்றி மோப்பம் பிடிக்காமல் புத்தகத்தையே முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

விஜய வருஷத்தின் முதல் சில பக்கங்களில் வரிசையாகப் பள்ளிக்கூடங்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெரிய பெரிய தொகை. கடைசிப் பக்கங்களிலும் அதே பள்ளிக்கூடங்கள், அதே மாதிரித் தொகைகள். ஜய வருஷத்துப் புத்தகத்தில் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. மன்மதத்தில் மறுபடியும் இரண்டு தடவை. துன்முகியில் ஒரே ஒரு தடவை, கடைசியில். ஹேவிளம்பியில் சுத்தமாகக் காணோம்.

"இது என்ன சேஷய்யா?"

"டிரில் மாஸ்டருங்க சார். மார்ச் கடைசி வாரத்துல வருவாங்க. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள செலவு பண்ணலன்னா சர்க்காரு குடுத்த பணம் வாபஸ் பூடுமாம். இந்தப் பக்கத்து ஸ்கூலு, மைசூர் பக்கத்து ஸ்கூலு, எல்லாம் ஒரே வாரத்துல வந்து ரொக்கமா வெச்சுட்டு மூட்டையைத் தூக்கினு போவாங்க. திருநாக் கூட்டம் மாதிரி இருக்கும் சார்!"

வருஷத்து லாபத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாரத்தில் வந்து விழுகிறது. அந்த வாரம் இங்கிலீஷ் காலண்டரில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. யுகாதியோ, ஒரு வருஷம் மார்ச் நடுவில் வருகிறது. ஒரு வருஷம் ஏப்ரலுக்குள் போய்விடுகிறது. சீக்கிரம் பிறந்து அதிக மாதத்தோடு தாமதமாக முடிகிற வருஷத்துக்கு இரண்டு மார்ச் கடைசி கிடைக்கிறது. தாமதமாகப் பிறந்து சீக்கிரம் முடிகிற வருஷத்துக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. இந்த வருஷ யுகாதி மார்ச் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிட்டது. சேஷய்யா புத்தகத்தை மூடிய பிறகு டிரில் மாஸ்டர்கள் வந்தார்கள். அந்தப் பணம்தான் நாராயணப்பாவின் பெட்டியில் இருந்தது!

ஒரு தாளை எடுத்து, அந்தப் பெட்டிப் பணத்தையும் சேர்த்து, ஏப்ரலிலிருந்து மார்ச் வரை என்று வருஷத்தைப் பிரித்து மறுபடி கணக்குப் போட்டேன். முதலுக்கு நூற்றுக்குப் பதினாலு. அடுத்த வருஷமும் பதினாலு. அதற்கடுத்ததும் பதினாலு. ஐந்து வருஷமும் அங்கே இங்கே அரையும் காலும் தவிரப் பதினாலேதான். இவ்வளவு சாதுவான கம்பெனியை நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் ஒரே சீராக மேய்ந்துகொண்டிருந்த பசுவை நாங்கள் துள்ளுகிறது, படுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சின்னசாமி இருந்தபோதும் பதினாலு. அமீர் வந்த பிறகும் பதினாலு.

"சேஷய்யா... ஒரு வருஷத்துக்குப் பதிமூன்று மாதம் என்பதை அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க பி.காம். படிச்சவரு. இதுகூடத் தெரியாம இருக்கும்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை பங்குதாரர்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நயா பைசாக்காரர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. நாராயணப்பா பஞ்சாங்கத்தையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே ஒரு தடவை விரல் விட்டு எண்ணினார். பிறகு "தேவுடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். அமீரை உள்ளே கூப்பிட்டு, வேலைக்கு ஒன்றும் குறைவில்லை என்றார்.

அமீர் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"அப்ப இதுவும் நான் சம்பாரிச்சது இல்லீங்களே சார்? சந்திரன் சம்பாரிச்சது."

நாராயணப்பாவின் கண் ஒரு நொடி அந்தக் கடிகாரத்தின் மேல் நின்றது. முதலாளி கண், அப்படித்தான் நிற்கும். பிறகு அவரே எழுந்து அதை அமீரின் மணிக்கட்டில் கட்டிவிட்டார். எல்லோரும் சிரித்தோம். காபி வந்தது. எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

அப்போதுதான் சேஷய்யா, பேனாவைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"சின்னசாமி மாஸ்டருக்கு யாரு சார் சொல்றது?"

காபி ஆறிப்போயிற்று.

எண் கீழே விழுந்தால் உடனே நமக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. மேலே போனாலும் ஒரு ஆள் வேண்டும். ஒருவன் கழுத்தில் கத்தி, இன்னொருவன் கையில் கடிகாரம். நடுவில் என் மாதிரி ஒருவன், நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டு மாம்பழக் கூடையோடு பஸ் ஏறுகிறவன். நூற்றுக்கு எவ்வளவு என்பது நல்ல கேள்விதான். எத்தனை மாதத்துக்கு என்று நான் கேட்கவில்லையே!

சனிக்கிழமை நாகரசம்பட்டிக்குப் போனேன். போகிற வழியில் கிருஷ்ணகிரிக் கடைவீதியில் இரண்டரை கஜம் வெள்ளைப் பாப்ளின் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. வெறும் கையோடு போகக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

மாங்காய் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. ஒரே ஒரு மெஷின். சின்னசாமி ஒரு பழைய காக்கி நிக்கருக்குப் பின்பக்கம் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் கிழிந்த துணிகள். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். இவ்வளவு மரியாதை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அதிக மாதம், டிரில் மாஸ்டர்கள், பதினாலு, என் அறிக்கை. அவர் மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அந்தத் துண்டுத் துணிக் குவியலு, அது மூணு மாசத்துக் குவியலு சார். வாங்கறவன் வரல. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான்."

"அப்ப என் கத்திரி மேல ஒரு குத்தமும் இல்ல?"

"இல்லை மாஸ்டர்."

"அதை எங்கிட்ட சொல்லி என்னா சார் பண்றது? ஊருக்கே தெரியும், துணியைச் சேதாரம் பண்ணித்தான் வேலை போச்சுன்னு. மூணு வருஷமா இங்க ஒருத்தரும் எங்கிட்ட புதுத் துணி குடுக்கல. எல்லாம் கிழிஞ்சதுதான். பொங்கலுக்கு எம் பொண்ணு பாவாடைத் துணியைக்கூட எங்க வீட்டுக்காரி காவேரிப்பட்டணத்துல குடுத்துத் தெச்சா. எம் மேல நம்பிக்கை இல்ல."

அவர் குரல் உயரவில்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அப்படி வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை.

எழுந்து கடை வாசலுக்கு வந்தேன். மண்டியில் வண்டிகள் நின்றிருந்தன. மாங்காய் தரம் பிரிக்கிறவர்கள், விலை பேசுகிறவர்கள் என்று முப்பது பேராவது இருப்பார்கள். பாங்கில் கடன் பாக்கிக்காரர்களை விரட்டிப் பழகின குரல் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை எடுத்தேன்.

"மாஸ்டர்! புதுப் பாப்ளின், இரண்டரை கஜம். எனக்கு ஒரு சட்டை வேண்டும். நீங்களே வெட்ட வேண்டும். உங்களை விட நல்ல கத்திரி ஓசூரில் இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. இப்போதே அளவு எடுங்கள்!"

கொஞ்சம் நாடகம்தான். கம்பெனி அப்படியே அந்த வார்த்தைகளில் சொல்லவும் இல்லை. அமீர் மாஸ்டர் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் மண்டி திரும்பிப் பார்த்தது. பார்க்கத்தானே கத்தினேன்!

சின்னசாமி ஒரு நிமிஷம் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்தார். வாசலில், வெயிலில், மண்டி பார்க்க, எனக்கு அளவு எடுத்தார். கழுத்து, தோள், கை. தொப்பைக்கு வரும்போது மட்டும் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சத்தமாகவே சொன்னார். நியாயம்தான்.

மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, "ஏன் மாஸ்டரே, ரவிக்கைத் துணி குடுத்தா எப்பத் தருவ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

ஓசூரில் அவருக்காக இன்னொரு வெட்டு மேஜை போடத் தயார் என்று நாராயணப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அதையும் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க சார். அவசரப்பட்டு முடிவெடுத்தா என்ன ஆகும்னுதான் உங்களுக்கே தெரியுமே" என்றார்.

நேற்றுக் காலை பஸ் கண்டக்டர் கையில் சட்டை வந்து சேர்ந்தது. போட்டுப் பார்த்தேன். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கழுத்து மட்டும் ஒரு நூல் இறுக்கம். தெரிந்து வைத்ததா, தெரியாமல் வந்ததா? அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

சட்டையோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலமும் இருந்தது. பிரித்தேன். வெட்டும்போது மிஞ்சிய துண்டுத் துணி, ஒன்று விடாமல். மொத்தமும் ஒரு கைப்பிடி கூடத் தேறாது.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கணக்கைச் சரிபார்க்காமல் அப்படியே ஒப்புக்கொண்டேன்.